பதில் வந்த தேதி: ஒரு ஜெபக் குறிப்பேட்டோடு 52 வாரங்கள்

அண்ணி இதைக் கையில் கொடுத்தபோது அட்டையில் இருந்த வசனம் என் கண்ணில் படவில்லை. உள்ளே இருந்த கோடுகள்தான் பட்டன. 32 ஆண்டுகள் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தவளுக்கு அப்படித்தான். இடது ஓரம் தேதி, அடுத்து அகலமாக 'விண்ணப்பம்', அதன்பின் மூன்று குட்டிக் கட்டங்கள், வலது ஓரத்தில் 'பதில் வந்த தேதி'.

"அண்ணி, இது பேரேடு மாதிரி இருக்கிறதே" என்றேன்.

"அதனால்தான் உனக்கு வாங்கினேன். பேரேடு என்றால் ஒருநாள்கூட எழுதாமல் விடமாட்டாய்" என்றார்.

அவர் சொன்னது பலித்தது. 52 வாரங்களையும் நிரப்பி, அட்டை மூலைகள் மழுங்கி, அடையாள நாடா நைந்து நூலான பிறகே இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்திருக்கிறேன். வெளியிட்டவர்களின் பெயரை எழுதப்போவதில்லை. சில குறைகளைச் சொல்லப்போகிறேன். அவற்றை அவர்களுக்கே கடிதமாகவும் எழுதியிருக்கிறேன். அவர்கள் பக்கத்து விளக்கம் வருவதற்குள் பெயரைப் போடுவது நியாயமில்லை. தவிர, இதே அச்சில் பலரும் குறிப்பேடு போடுகிறார்கள். நான் சொல்வதில் பாதி அவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் புத்தகத்தின் உடம்பு. 128 பக்கங்கள், ஏ5 அளவு, நூல் தையல் போட்ட கட்டு. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மேசைமேல் மல்லாந்து கிடக்கிறது. ஒரு கையில் வேதாகமத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுதுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். பசை மட்டும் தடவிய குறிப்பேடுகள் மூன்றாம் மாதமே இதழ் இதழாக உதிர்வதைப் பார்த்தவள் நான். தாள் சுமார்தான். பந்துமுனைப் பேனாவைத் தாங்குகிறது, மைப்பேனா என்றால் மறுபக்கம் ஊறிவிடுகிறது. வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டிருக்கிறார்கள். விடியற்காலை ஐந்து மணிக் கண்களுக்கு அது வேண்டும்.

அந்த ஐந்து மணியின் அத்தாட்சி 14-ஆம் வாரப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு வரி நேராகத் தொடங்குகிறது, சரிகிறது, கீழ்க்கோட்டைத் தாண்டுகிறது, பிறகு வெறும் மயிரிழைக் கோடாகப் பக்கத்தின் அடிவரை இறங்கி அங்கே ஒரு மைப்பொட்டில் நிற்கிறது. அன்று யாருக்காக மன்றாடிக்கொண்டிருந்தேன் என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. இயேசு ஜெபித்த இரவில் கெத்செமனே தோட்டத்தில் தூங்கிப்போன மூன்று சீஷர்களும் என்னைக் கண்டால் சற்று நகர்ந்து இடம் கொடுப்பார்கள்.

முன்னுரை எட்டுப் பக்கம். புத்தகத்தின் மிகப் பலவீனமான பகுதி இதுதான். லூக்கா 18-ஆம் அதிகாரத்து உவமையில் வரும் விதவையை எடுத்துக்கொள்கிறார்கள். அவள் நியாயம் கேட்டு விடாமல் போனாள், நியாயாதிபதி இறங்கிவந்தான். நீங்களும் விடாமல் போங்கள், தேவன் இறங்கிவருவார் என்று கூட்டிக் கழித்துக் கொடுத்துவிடுகிறார்கள். உவமையைப் பொறுமையாக வாசித்தால் அது நேர் எதிர்த்திசையில் போவது தெரியும். அந்த நியாயாதிபதி தேவனுக்குப் பயப்படாதவன், மனுஷரை மதியாதவன். 'அடிக்கடி வந்து என்னை அலட்டாதபடி' என்று தமிழ் வேதாகமம் மென்மையாகச் சொல்கிற இடத்தில், கிரேக்க மூலத்தில் குத்துச்சண்டைக்காரர்களின் சொல் ஒன்று நிற்கிறது: கண்ணுக்குக் கீழே குத்துவது. அந்த ஏழை விதவையிடம் அவனுக்கு அவ்வளவு பயம்! அப்படிப்பட்டவனே கடைசியில் நியாயம் செய்தான் என்றால், இரவும் பகலும் தம்மை நோக்கிக் கூப்பிடுகிறவர்களுக்குத் தேவன் செய்யாமல் இருப்பாரா என்பதே இயேசுவின் கேள்வி. விதவையின் இடத்தில் நம்மை வைக்கலாம்; நியாயாதிபதியின் நாற்காலியில் அவரை உட்காரவைத்தால் உவமை குடைசாய்ந்துவிடும். இந்த முன்னுரையை நம்பி எழுதத் தொடங்குகிறவர், இருபதாம் வாரத்திலும் பதில் வராதபோது என்ன நினைப்பார்? தன் குத்தில் வலு போதவில்லை என்று நினைப்பார்.

உவமையின் முதல் வரியிலேயே அது ஏன் சொல்லப்பட்டது என்று லூக்கா எழுதிவைத்திருக்கிறார்: சோர்ந்துபோகாமல் எப்பொழுதும் ஜெபம்பண்ணவேண்டும் என்பதற்காக. சோர்வு நம் பக்கத்து நோய். அவர் பக்கத்துத் தயக்கத்தைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை.

முன்னுரையைத் தாண்டிவிட்டால் புத்தகம் நன்றாகிறது. அதில் மிக நல்ல அம்சம், எனக்குத் தெரிந்தவரை, அவர்கள் அறியாமல் செய்த பிழை.

பேரேட்டில் ஒரு பக்கம் நிரம்பினால், நிலுவையை அடுத்த பக்கத்தின் தலையில் 'முன்பக்கத்திலிருந்து கொண்டுவந்தது' என்று ஒரே வரியில் எழுதிவிட்டு மேலே போவோம். இந்தக் குறிப்பேட்டில் அதற்கு இடமே இல்லை. ஒவ்வொரு வாரமும் வெற்றுப் பக்கம். போன வாரம் பதில் வராத விண்ணப்பம் இந்த வாரமும் வேண்டுமென்றால் முதலிலிருந்து கையால் எழுதவேண்டும். முதல் இரண்டு மாதம் எனக்கு எரிச்சலாக வந்தது. 'வடிவமைத்தவர் வாழ்நாளில் ஒருநாளாவது கணக்கு எழுதியிருந்தால் இப்படிச் செய்திருக்கமாட்டார்' என்று ஓரத்தில் பென்சிலால் குறித்தும் வைத்தேன்.

அந்தக் குறிப்பைப் பிற்பாடு அழிப்பான் கொண்டு அழித்தேன். காரணத்தை என் தம்பியை வைத்துத்தான் சொல்லமுடியும்.

அவனுக்கும் எனக்கும் ஆறு ஆண்டுகளாகப் பேச்சில்லை. அப்பா இறந்தபின் ஒரு கையெழுத்து விஷயத்தில் ஆரம்பித்தது. யார் பக்கம் நியாயம் என்று நான் எழுதினால் என் பக்கம்தான் இருக்கும், ஆகையால் அதை விட்டுவிடுகிறேன். முதல் வாரத்தில் முதல் விண்ணப்பமாக இப்படி எழுதியிருக்கிறேன்: 'தம்பி தன் தவறை உணர்ந்து, வந்து என்னிடம் பேசவேண்டும்.' இரண்டு, மூன்று, நான்காம் வாரங்களிலும் அட்சரம் பிசகாமல் அதே வரி. ஐந்தாம் வாரத்தில் 'தன் தவறை உணர்ந்து' என்பது காணவில்லை. புண்ணியம் ஒன்றும் இல்லை. கை வலித்தது, சுருக்கினேன். ஒன்பதாம் வாரத்தில் 'தம்பி வந்து பேசவேண்டும்.' பதினாறாம் வாரத்தில் 'தம்பியோடு பேசவேண்டும்' என்று இருக்கிறது. எழுதும்போது எனக்கு உறைக்கவில்லை. தமிழில் எழுவாயை விட்டுவிட்டு எழுதலாம் அல்லவா? யார் பேசவேண்டும்? அந்த வரியில் அவன் இல்லை. மிச்சம் இருப்பது நான்தான்.

23-ஆம் வாரம், அவன் இரவில் தூங்குவதில்லை என்று அண்ணி சொல்லக் கேட்டேன். அன்றைய வரி: 'தம்பிக்கு நித்திரை கொடும்.' 31-ஆம் வாரத்தில் அவன் மனைவியும் பிள்ளைகளும் வரிக்குள் வந்துவிட்டார்கள். 38-ஆம் வாரத்திலிருந்து ஆண்டு முடிவுவரை ஒரே சொல்: 'தம்பி.' விளக்கி எழுதவேண்டிய அவசியம் இருப்பதாகத் தோன்றவில்லை.

முன்பக்க நிலுவைக்கு ஒரு வரி ஒதுக்கியிருந்தால் முதல் வாரத்து வாக்கியம் 52 வாரமும் அப்படியே உருண்டுகொண்டு போயிருக்கும். இது ஊகம் இல்லை. இதற்கு முன் ஒரு கைபேசிச் செயலியை இரண்டு மாதம் வைத்திருந்தேன். அதில் ஒருமுறை தட்டச்சு செய்தால் போதும். காலை மணி அடித்து அதே வாசகத்தைத் திரும்பக் காட்டும், 'ஜெபித்தேன்' என்று அழுத்தினால் வண்ணக் காகிதங்கள் பறக்கும். 43 நாள் தொடர்ச்சியாக அழுத்தினேன். 43 நாளும் என் தம்பி தவறை உணரவேண்டியவனாகவே இருந்தான்.

அஞ்ஞானிகளைப்போல வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்று மத்தேயு 6-இல் சொன்னவரே, 26-ஆம் அதிகாரத்தில் மூன்றாம்தரமும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபிக்கிறார். முன்பெல்லாம் இந்த இரண்டும் எனக்கு ஒத்துப்போகவில்லை. இப்போது என் கையெழுத்திலேயே இரண்டும் கிடக்கின்றன. முதல் நான்கு வாரங்களும் அலப்பல். 38-க்குப் பிறகு வருவதும் திரும்பத் திரும்ப ஒரே சொல்தான், ஆனால் அது அலப்பல் இல்லை என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புரோபா என்ற விதவை, எப்படி ஜெபிப்பது என்று ஹிப்போ நகர ஆயர் அகஸ்டினிடம் கேட்டார். அவர் எழுதிய பதில் கடிதம் நீளமானது. நமக்கு என்ன வேண்டும் என்பது தேவனுக்கு முன்பே தெரியுமே, பிறகு ஏன் கேட்கச் சொல்கிறார் என்ற கேள்வியை அதில் எடுத்துக்கொள்கிறார். கொடுக்கவிருப்பது பெரிது, வாங்குகிற நம் கொள்ளளவு சிறிது. கேட்டுக் கேட்டு நம் விருப்பம் விரியவேண்டும் என்பதாக அவர் விளக்கம் போகிறது. தாய் மோனிக்கா ஆண்டுக்கணக்கில் கண்ணீரோடு கேட்டதன் பலனாகத் தன்னையே கருதியவர் அவர். 387-இல்தான் ஞானஸ்நானம் பெற்றார். கேட்கப்பட்ட பொருளின் பக்கத்திலிருந்து எழுதுகிறார் என்பதால் அவர் சொல்வதை நான் சற்றுக் கூடுதலாக நம்புகிறேன்.

அடுத்து அந்த மூன்று கட்டங்கள். 'ஆம்', 'இல்லை', 'காத்திரு'. பிரசங்கங்களில் நாம் எல்லோரும் கேட்டுப் பழகிய வாய்பாடுதான். ஓட்டப்பந்தயப் பலகை மாதிரி பார்க்க அழகாக இருக்கிறது, பயன்படுத்தும்போது திக்குகிறது.

பவுலை இந்தப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். மாம்சத்தில் ஒரு முள். நீங்கவேண்டும் என்று மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். 'என் கிருபை உனக்குப்போதும்' என்று பதில் வந்தது. எந்தக் கட்டத்தில் குறியிடுவார்? முள் போகவில்லை, ஆகையால் 'ஆம்' இல்லை. 'இல்லை' என்று குறியிட்டால், அவர் சந்தோஷமாக ஏற்றுக்கொண்ட பதிலை மறுப்பு என்று எழுதியதாகும். காத்திருக்கவும் அவரிடம் சொல்லப்படவில்லை. கேட்டது ஒன்று, கிடைத்தது கேட்கப்பட்டவரைப் பற்றிய அறிவு. அதற்குக் கட்டம் கிடையாது.

மோசேயும் இங்கே சிக்கல்தான். யோர்தானைக் கடந்து அந்த நல்ல தேசத்தைப் பார்க்கவேண்டும் என்று கெஞ்சினார். போதும், இனி இதைப்பற்றி என்னோடே பேசவேண்டாம் என்று சொல்லப்பட்டது (உபாகமம் 3). விடாமுயற்சியைப் பற்றிப் பேசும் குறிப்பேடுகள் இந்தப் பகுதியின் பக்கமே போவதில்லை. விடாமல் கேட்கிறவனுக்கு, கேட்பதை நிறுத்து என்ற சொல்லும் காதில் விழவேண்டும். யாரோடு பேசிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தவனுக்கே அது விழும்.

நான் நான்காவது கட்டம் ஒன்றைப் பென்சிலால் வரைந்துகொண்டேன். 'தெரியவில்லை' என்று பெயர் வைத்தேன்.

புத்தகத்தின் நடுவில் '21 நாள் தானியேல் ஜெபத் திட்டம்' என்று நாலு பக்கம் வருகிறது. நாள்தோறும் ஒரு சதுரம், நிரப்பிக்கொண்டே போகவேண்டும், 21-ஆம் சதுரத்தில் ஒரு நட்சத்திரம். தானியேல் 10-ஆம் அதிகாரத்தைத் திறந்தால், அவர் 21 நாள் திட்டம் எதுவும் போட்டதாக இல்லை. மூன்று வாரம் துக்கித்துக்கொண்டிருந்தார். 21 என்ற எண், வந்த தூதன் தான் ஏன் தாமதித்தேன் என்று விளக்கும்போது வாயிலிருந்து வருகிறது. தாமதம் நேர்ந்த கணக்கை எடுத்துத் திட்டமாக விற்பது விநோதம். அதைவிடப் பெரிய விஷயம், தூதன் சொல்கிற இன்னொரு வாக்கியம் அந்த நாலு பக்கத்தில் எங்கும் இல்லை: தானியேல் மனதைச் செலுத்திய முதல் நாளிலேயே அவருடைய வார்த்தைகள் கேட்கப்பட்டன.

கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது உடனே புரியும். பணம் கைக்கு வந்த நாளில் வரவு வைப்பது ஒரு முறை. உரிமை உண்டான நாளிலேயே வரவு வைப்பது இன்னொரு முறை. 'பதில் வந்த தேதி' என்ற பத்தி ரொக்க முறையில் எழுதுகிறது. தானியேலிடம் வந்த தூதன் இரண்டாவது முறையில் கணக்குச் சொல்கிறான். இதைக் கண்டுபிடித்த காலையில் நான் எழுந்து அறைக்குள் இரண்டு நடை நடந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஓய்வுபெற்ற கணக்கர்களுக்கு இவ்வளவுதான் களிப்பு.

இனி, பக்கத்தின் அடியில் இருக்கும் ஒல்லியான பட்டை. 'இந்த வாரம் தேவனைக் குறித்து அறிந்தது' என்று தலைப்பு, கீழே இரண்டே வரி. மேலே விண்ணப்பங்களுக்குப் பதினெட்டு வரி. இந்த விகிதத்தை நான் பலநாள் முறைத்துப் பார்த்திருக்கிறேன். கொலோசெயர் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் பவுல் 'இடைவிடாமல்' ஜெபிப்பதாகச் சொல்கிறார். எதற்காக? அவருடைய சித்தத்தை அறிகிற அறிவினால் நிரப்பப்படவும், தேவனை அறிகிற அறிவில் விருத்தியடையவும். கேட்கிறவர் சிறையில் இருக்கிறார். அந்தச் சபையாரில் பலர் அவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. நான்காம் அதிகாரத்தில் தனக்காகவும் ஜெபிக்கச் சொல்கிறார், ஒரு வாசல் திறக்கவேண்டும் என்று. சிறைவாசல் என்று நினைத்துத்தான் நான் வாசித்துக்கொண்டே போனேன். திருவசனம் செல்லும்படியான வாசலாம்.

என் இரண்டு வரிகளின் யோக்கியதை இதோ. முதல் பதினொரு வாரம் 'தேவன் நல்லவர்.' தணிக்கையாளர்கள் எல்லா அறிக்கையின் அடியிலும் போடும் மாறாத வாசகம் மாதிரி. பன்னிரண்டாம் வாரம் காலியாக விட்டிருக்கிறேன். முதல் நேர்மையான பதிவு அதுவே. பதினேழாம் வாரத்தில், 'நான் கேட்பது அவருக்கு அலுக்கவில்லை. எனக்கு அலுக்கிறது.' 26-ஆம் வாரத்தில், 'என்னைவிட அதிக காலம் அவருக்குத் தம்பியைத் தெரியும்.' 34-ஆம் வாரத்தில் இரண்டு வரி போதாமல் பக்க ஓரத்தில் ஏறி, மேலே விண்ணப்பங்களின் தலைக்கு மேல் வளைந்து போயிருக்கிறது எழுத்து. அதை இங்கே எடுத்து எழுத விருப்பமில்லை.

அடுத்த பதிப்பில் விகிதத்தைத் தலைகீழாக்கச் சொல்லிக் கேட்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம். பதினெட்டு வரி கேட்காமல் அந்த இரண்டு வரி எனக்கு வந்திருக்காது. நான்கு வரி கொடுத்தால் போதும்.

வாரத்துக்கு ஒன்றாக 52 வசனங்கள். தேர்வு சர்க்கரை தூக்கல். 'கேளுங்கள், தேடுங்கள், தட்டுங்கள்' இருக்கிறது, இருக்கவேண்டியதுதான். கிரேக்கத்தில் அந்த மூன்று கட்டளைகளும் தொடர்ந்து செய்வதைக் குறிக்கும் வடிவத்தில் இருக்கின்றன என்று அடியில் சிறு குறிப்பும் போட்டிருக்கிறார்கள், நல்ல குறிப்பு. எலியா மழைக்காக ஜெபித்ததும் (1 இராஜாக்கள் 18) இருக்கிறது. வேலைக்காரன் ஏழாம்தரம் போய்ப் பார்த்தபோது உள்ளங்கை அத்தனைச் சிறிய மேகம். மழை தருவேன் என்ற வாக்கு ஏற்கெனவே அதே அதிகாரத்தின் முதல் வசனத்தில் எலியாவுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. கிடைக்கும் என்று தெரிந்த ஒன்றுக்காகத்தான் அவர் தலையை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக் குனிந்திருந்தார் என்பதையும் சொல்லியிருக்கலாம்.

மன்னிக்க முடியாதது 13-ஆம் சங்கீதத்துக்குச் செய்தது. ஆறே வசனம் உள்ள சங்கீதம். முதல் இரண்டு வசனங்களில் 'எதுவரைக்கும்' என்று நான்குமுறை கேட்கிறான் தாவீது. குறிப்பேடு அந்த நான்கையும் வெட்டி எறிந்துவிட்டு, ஐந்தாம் வசனத்திலிருந்து, நம்பிக்கையும் களிகூருதலும் மட்டும் அச்சிட்டிருக்கிறது. கேள்வி கேட்க இடம் தராமல் விடாமல் ஜெபி என்று சொல்வது எப்படி? வெட்டிய வரிகளை என் கையால் எழுதி அந்தப் பக்கத்தில் ஒட்டிவைத்தேன். இருளில் முடிகிற 88-ஆம் சங்கீதத்தையும் ஒரு தாளில் எழுதிப் பின்னட்டைக்குள் செருகினேன். சில விடியற்காலைகளில் அந்தத் தாளைத் தவிர வேறு எதையும் நான் திறக்கவில்லை.

அச்சுப்பிழை ஒன்றே ஒன்று கண்டேன், 23-ஆம் வாரத்தில். இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள், ஸ்தோத்திரத்துடன் விழித்திருங்கள் என்ற வசனத்தை அச்சிட்டுவிட்டு, அடியில் கொலோசெயர் 4:12 என்று போட்டிருக்கிறார்கள். அது 4:2. நான் பழக்கதோஷத்தில் சான்றைச் சரிபார்க்கப் போய் 12-ஆம் வசனத்தில் இறங்கினேன். அங்கே எப்பாப்பிரா உட்கார்ந்திருக்கிறார். கொலோசெ சபையார் தேறினவர்களாய் நிலைநிற்கவேண்டும் என்று தன் ஜெபங்களில் எப்பொழுதும் போராடுகிறவர். எவ்வளவு வருஷமாக அந்த நிருபத்தை வாசிக்கிறேன், அவரை நான் கவனித்ததே இல்லை. அந்த வாரம்தான் தம்பியின் தூக்கத்துக்காக முதல்முறை எழுதினேன் என்பதைப் பிற்பாடு பக்கங்களைப் புரட்டும்போது பார்த்தேன்.

சரியான வசனத்துக்குத் திரும்பியபோது இன்னொன்றும் கிடைத்தது. 4:2-இல் 'இடைவிடாமல்' என்று தமிழில் வருகிற இடத்துக் கிரேக்கச் சொல்லை அகராதியில் தேடினேன். அதே சொல்லை மாற்கு 3:9-இல் ஒரு படகுக்குப் பயன்படுத்தியிருக்கிறார். கூட்டம் நெருக்குகிறது, ஒரு சிறு படகு தமக்காகக் கரையோரம் தயாராக நிற்கட்டும் என்கிறார் இயேசு. அந்த 'நிற்கட்டும்'தான் அது. இதைப் படித்த பிறகு, ஒன்றும் கேட்கத் தோன்றாத காலைகளில் பேனாவை மூடிவைத்துவிட்டு வெறுமனே உட்கார்ந்திருக்க எனக்குக் கூச்சமாக இல்லை.

கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். 'ஆண்டு முடிவு' என்று தலைப்பு. கேட்டவை, பதில் பெற்றவை, சதவீதம் என்று மூன்று இடங்கள். ஆம், சதவீதம்! எனக்கா கணக்குப் போடத் தெரியாது? திரும்ப எழுதியவற்றைக் கழித்து மொத்தம் 214 விண்ணப்பங்கள். 'ஆம்' 73, 'இல்லை' 19, 'காத்திரு' 84, என் பென்சில் கட்டத்தில் 38. கூட்டினேன், 214 சரியாக வந்தது, ஒரு கணம் மனம் குளிர்ந்தது. பிறகு 34 சதவீதம் என்று எழுதினேன். எழுதிய மையின் ஈரம் காயுமுன் அடித்தேன். 34 சதவீத நண்பன் என்று யாரையாவது சொல்வோமா?

தம்பி எந்தக் கட்டத்தில் என்று கேட்பீர்கள். 49-ஆம் வாரத்தில் நானே அவனைத் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்தான். "அக்கா, வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அப்புறம் கூப்பிடுகிறேன்" என்று வைத்துவிட்டான். இன்னும் கூப்பிடவில்லை. ஆறு ஆண்டுகளில் அவன் வாயிலிருந்து 'அக்கா' வந்தது அதுவே முதல்முறை. அன்று இரவு பேனாவைப் பிடித்துக்கொண்டு அந்த வரிக்கு எதிரே வெகுநேரம் இருந்தேன். நான்காவது கட்டத்தில்தான் குறியிட்டேன். தேதிப் பத்தி காலியாக இருக்கிறது.

யாருக்கு இது உதவும்? எழுதி ஜெபிக்கும் பழக்கம் புதிதாக வேண்டும் என்கிறவர்கள் தயங்காமல் வாங்கலாம், முன்னுரையை மட்டும் தாண்டிவிடுங்கள். குழுவாகப் பயன்படுத்துவதற்கு ஏற்றதில்லை. வரிகள் விரைவில் அந்தரங்கமாகிவிடுகின்றன. புதிதாக இழப்பைச் சந்தித்தவருக்குப் பரிசாகக் கொடுக்கவேண்டாம். அந்தத் தேதிப் பத்தி அவர்களைக் குத்தும். கொடுத்தே ஆகவேண்டுமென்றால் 88-ஆம் சங்கீதத்தை உள்ளே செருகிக் கொடுங்கள்.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். கட்டுக்கு ஒன்று, திரும்ப எழுதவைத்ததற்கு ஒன்றரை, இரண்டு வரிப் பட்டைக்கு ஒன்று.

13-ஆம் சங்கீதம், சதவீதக் கட்டம், 4:12 ஆகிய மூன்றையும் சொல்லி வெளியீட்டாளருக்கு ஜூன் மாதம் ஒரு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. செப்டம்பரில் இன்னொன்று, முதலாவதைவிடச் சுருக்கமாக, சற்று மரியாதை கூட்டி. அதற்கும் இல்லை. போன வாரம் அண்ணி புதிய ஆண்டுக்கான பதிப்பை வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் 23-ஆம் வாரத்தைப் பிரித்துப் பார்த்தேன். எப்பாப்பிரா அங்கேயே இருக்கிறார். மூன்றாவது கடிதத்தை நேற்று அனுப்பினேன்.